சீட்டுக் காசில் வாங்கிய தங்கச் சீரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாண நகரில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக இருக்கிறேன். முகத்துக்கு ஒத்துக்கொள்ளாத பூச்சோடு யாரும் வராத கிழமை எங்கள் கடையில் இல்லை. அவர்களில் ஒருவரின் நிகழ்வை மட்டும் இங்கே முழுதாக எழுதுகிறேன். அவர் வாங்கியது தங்கம் கலந்தது என்று விற்ற ஒரு சீரம், அதாவது முகத்தில் பூசும் தெளிந்த கூழ். அது நஞ்சு இல்லை. அதில் இருந்தது பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும்தான். அதற்கும் அதோடு சேர்த்துக் கொடுத்த வேறு இரண்டு பொருட்களுக்குமாக 42,000 ரூபாய் கொடுத்தார்.

இப்படியான கதைகளில் விற்றவரைத் திட்டுவோம், இல்லாவிட்டால் வாங்கியவரின் ஆசையைக் குறை சொல்வோம். இரண்டுமே இந்த நிகழ்வை விளக்கப் போதாது. என் கணிப்பில், இவருடைய முகம் கெட்டது வாங்கிய நாளில் அல்ல. ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகும் தொடர்ந்து பூசிய நாட்களில்தான். தொடர்ந்து பூச வைத்தது அந்த விலை. வீட்டில் சொல்ல விடாததும் கடையில் போய்க் கேட்க விடாததும் அதே விலைதான்.

அவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடையின் பெயரும் பொருளின் பெயரும் இங்கே வராது.

ஆளும் நேரமும்

நாற்பதைத் தாண்டியவர். அரச அலுவலகம் ஒன்றில் வேலை, கணவருக்குச் சின்ன வியாபாரம், இரண்டு பிள்ளைகள். மூத்த மகள் அந்த வருடம் பெரியபிள்ளையாகியிருந்தாள். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வரும் அக்கா குடும்பம் நிற்கும்போதே சாமத்திய வீட்டையும் வைத்துவிட வேண்டும் என்று ஆவணியில் நாள் எடுத்திருந்தார்கள். மண்டபம், சாப்பாடு, வீடியோ, அல்பம் என்று எங்கள் ஊரில் இந்தச் செலவு எங்கே போய் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே நீண்ட நாளாகக் கட்டிவந்த சீட்டை அவர் எடுத்திருந்தார்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் அவருடைய இரண்டு கன்னங்களிலும் கருமை படர்ந்தது. வைத்தியர்கள் இதை மெலஸ்மா என்பார்கள். கர்ப்பகால ஹோர்மோன் மாற்றம், கருத்தடை மாத்திரை, வெயில், குடும்ப வாகு என்று பலதும் சேர்ந்து வருவது. பிள்ளை பிறந்த பிறகு பலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். இதற்கு மருந்து இல்லை என்றில்லை. அசெலயிக் அமிலம் இருக்கிறது, வைத்தியரின் மேற்பார்வையில் பாவிக்க ஐதரோகுவினோன் இருக்கிறது. ஆனால் எல்லாமே மாதக்கணக்கில் பூச வேண்டியவை. வெயில் காப்பு இல்லாமல் எந்த மருந்தும் நிற்காது.

வருடக்கணக்காக அந்தக் கருமையோடு வேலைக்குப் போய் வந்தவருக்கு அந்த ஆனி மாதத்தில் மட்டும் ஏன் அது தாங்க முடியாமல் போனது? நான் கேட்டபோது அவர் சொன்னது இது: “அல்பத்தில பிள்ளைக்குப் பக்கத்தில நான்தானே அக்கா நிக்கப்போறன். பிறகு அவள் வளந்து பாக்கேக்க அம்மாவின்ர முகம் ஏன் இப்பிடி எண்டு கேக்கக் கூடாது.” இந்தப் பதிலை அழகு ஆசை என்று சுருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாய், பிள்ளையின் நாளில் தான் குறையாக நிற்கக் கூடாது என்று நினைத்தார்.

கையில் பூசிக் காட்டியது

அன்று அவர் அழகு நிலையத்துக்குப் போனது தனக்காக அல்ல. மகளுக்கு அலங்காரம் செய்ய முற்பணம் கட்டப் போனார். கைப்பையில் அந்தக் காசோடு மண்டபத்துக்குக் கட்ட வேண்டிய காசும் இருந்தது. அங்கே நின்ற பெண் முகத்தைப் பார்த்தவுடனேயே கேட்டிருக்கிறார்: “அக்கா, இந்த மங்குக்கு ஒண்டும் செய்யேல்லையோ? கையைத் தாங்கோ ஒருக்கா.”

இடக்கையின் பின்புறத்தில் இரண்டு துளி விழுந்தது. தெளிந்த கூழ், உள்ளே பொன்னிறத் துகள்கள். பெருவிரலால் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்கத் துகள்கள் உடைந்து மறைந்தன. பிறகு இரண்டு கைகளையும் வட்ட விளக்குக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பூசின கை பளிச்சென்று, சுருக்கம் குறைந்து, ஒரு நிறம் தூக்கலாகத் தெரிந்தது. தொலைபேசியில் படமும் எடுத்துக் காட்டினார்கள். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். வித்தியாசம் உண்மையாகவே இருந்தது.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு தன்னைத் தானே “என்ர கண்ணுக்கு என்ன நடந்தது” என்று அவர் திட்டிக்கொண்டது இதற்காகத்தான். அவருடைய கண்ணில் பிழையில்லை. கிளிசரின் தோலின் மேற்படையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் தோல் உடனே கொஞ்சம் ஊதி மிருதுவாகும். டைமெதிகோன் என்ற சிலிக்கோன் மெல்லிய கோடுகளை நிரப்பி மேற்பரப்பை வழுவழுப்பாக்கும். மைக்காத் துகள் விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். மூன்றும் சேர்ந்தால் எந்தக் கையும் நிமிடங்களில் அப்படித்தான் தெரியும், விலை குறைந்த பூச்சாக இருந்தாலும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். அதைவிட முக்கியம், கையில் மெலஸ்மா இல்லை. அவருக்கு இருந்த பிரச்சினை கன்னத்தில். அங்கே எதுவும் சோதிக்கப்படவே இல்லை.

அப்புறம் விலை. சீரம், இரவு கிரீம், கண்ணுக்கு ஒரு ஜெல், மூன்றும் சேர்த்து 60,000 என்று பட்டியலில் காட்டி, திருவிழாக் கழிவு போக 42,000 என்றார்கள். முதலில் 60,000 காதில் விழுந்த பிறகு 42,000 குறைவாகப் படுவது இயல்பு. முதலே 42,000 என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன் என்று அவரே சொன்னார். இரண்டு செற்தான் மிச்சம், பின்னேரம் ஒராள் எடுக்க வருகிறா என்றும் சொன்னார்கள். அவர் தயங்கியபோது, “சித்த வைத்தியத்திலயே தங்க பஸ்பம் இருக்குத்தானே அக்கா, இது புதுசில்லை” என்று இன்னொரு சொல். கைதடியில் சித்த வைத்தியசாலை இருக்கிற, பாட்டி காலத்துப் பரிகாரியை இன்னும் மதிக்கிற ஊரில் அந்த வார்த்தைக்கு எடை உண்டு.

“யோசிச்சுப்போட்டு வாறன் எண்டு சொல்லத்தான் நினைச்சன். அதுக்குள்ள அந்தப் பிள்ளை மற்றக் கைக்கும் பூசி, கழுத்தையும் பிடிச்சு விட்டிட்டுது. சும்மா எழும்பிப் போக வெக்கமாக் கிடந்தது.” இதைக் கேட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இலவசமாக ஒரு உபசாரம் செய்துவிட்டால், வெறுங்கையோடு எழுந்து போவதை மரியாதைக் குறைவாக நினைக்கும்படி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். விற்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மண்டபக் காசு கைமாறியது. கிடைத்த பற்றுச்சீட்டில் கையால் “செற் 1” என்றும் தொகையும் மட்டும் எழுதியிருந்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால்

சில கிழமைகள் கழித்து அவர் அந்தப் பெட்டியை என் மேசையில் வைத்தபோது நான் செய்த முதல் வேலை அதைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தது. முன்பக்கத்தில் “24 கரட்” என்பது பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கத்து எழுத்துக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

சேர்மானங்கள் இந்த ஒழுங்கில் இருந்தன: அக்வா (தண்ணீர்), கிளிசரின், புரொப்பிலீன் கிளைகோல், டைமெதிகோன், கார்போமர், நியாசினமைட், பர்ஃபம், மெதைல்ஐசோதயசோலினோன், மைக்கா, சிஐ 77891, சிஐ 77491, கடைசியாக சிஐ 77480.

இதை வாசிக்க ஒரு வழி உண்டு. உலகமெங்கும் பரவலாகப் பின்பற்றப்படும் முறைப்படி, எது கூட இருக்கிறதோ அது முதலில் வரும். ஒரு வீதத்துக்கு, அதாவது நூற்றில் ஒரு பங்குக்கு, குறைந்தவற்றை மட்டும் கடைசியில் எந்த ஒழுங்கிலும் போடலாம். சிஐ இலக்கம் போட்டவை போன்ற நிறமிகளும் கடைசியில் வரலாம். அந்த ஒரு வீதக் கோடு எங்கே விழுகிறது என்று பெட்டி சொல்லாது, ஆனால் கார்போமர் காட்டிக் கொடுக்கும். அது கூழைத் தடிப்பாக்கும் பொருள். பொதுவாக ஒரு வீதத்துக்குக் குறைவாகத்தான் சேர்ப்பார்கள், கூடினால் சீரம் கட்டியாகிவிடும். ஆக, நிறமிகளை விட்டால், கார்போமருக்குப் பிறகு வருவது எதுவும் ஒரு வீதத்தைத் தாண்டாது. இந்தப் பட்டியலில் கருமைக்கு ஓரளவு வேலை செய்யக்கூடிய ஒரே பொருள் நியாசினமைட். அது பலன் காட்டிய ஆய்வுகளில் பாவித்த அளவு 2 முதல் 5 வீதம். இங்கே அது கோட்டுக்குக் கீழே நிற்கிறது.

சிஐ 77480 என்பதுதான் தங்கம். பொய் சொல்லவில்லை, தங்கம் இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. கண்ணில் மின்னிய பொன்னிறத்துக்குத் தங்கமே தேவையில்லை. மைக்காவும், சிஐ 77891 ஆகிய டைட்டேனியம் டையொக்சைட்டும், சிஐ 77491 ஆகிய இரும்பு ஒக்சைட்டும் சேர்ந்தாலே அந்த மினுக்கம் வந்துவிடும். சரி, தாராளமாகவே போட்டார்கள் என்று வைப்போம். 8 சென்ரிமீற்றர் சதுரமான ஒரு முழுத் தங்க இதழ், ஒரு மைக்ரோனில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு என்றால், அதன் எடை ஏறக்குறைய 12 மில்லிகிராம். பவுண் விலையை இரண்டு இலட்சம் என்று எடுத்தால் கிராம் 25,000. அந்த முழு இதழின் பெறுமதி 300 ரூபாய். சீரத்துக்கு மட்டும் கடை போட்ட விலை 25,000. கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பவுண் கணக்கு எங்கள் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தங்கம் தோலுக்கு என்ன செய்யும்? பூசும் தங்கம் எதுவும் செய்யாது. எதனோடும் இலகுவில் சேராமல் இருப்பதுதான் தங்கத்தின் குணம். தாலிக்கொடி கறுக்காமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். மருந்தாகத் தங்கம் பாவிக்கப்பட்டது உண்மை. கடந்த நூற்றாண்டில் மூட்டுவாதத்துக்குத் தங்க உப்புகளை ஊசியாக ஏற்றினார்கள். அதை நீண்டகாலம் ஏற்றிய சிலருக்கு வெயில் படும் இடங்களில் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறியது. கிறிசியாசிஸ் என்று அதற்குப் பெயரே உண்டு. முகம் வெளுக்க என்று விற்கப்படும் பொருளுக்கு இது நேர்மாறான செய்தி. சித்த மருத்துவத்தின் தங்க பஸ்பமோ புடம் போட்டு, வைத்தியர் அளந்து, உள்ளுக்குக் கொடுப்பது. கூழில் மிதக்கும் தாளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னொன்று, தங்கத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2001ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகத் தங்கத்தைத்தான் அறிவித்தது.

என் கண் நின்ற இடம் மெதைல்ஐசோதயசோலினோன். பழுதாகாமல் காக்கச் சேர்க்கும் பொருள். ஒவ்வாமை அதிகம் வந்ததால், பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பூச்சுகளில் இதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இருந்து தடை செய்திருக்கிறது. சீரம் என்பது கழுவாமல் விடும் பூச்சு. அதோடு பர்ஃபம், அதாவது வாசனைக் கலவை. அதுவும் தோலழற்சிக்குப் பேர்போனது. இந்த இரண்டில் எது இவரைத் தாக்கியது என்று பச் ரெஸ்ற், அதாவது பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, செய்யாமல் விரல் நீட்ட முடியாது. ஆனால் முகத்தில் கருமை உள்ள ஒருவருக்கு இந்த இரண்டும் சேர்ந்த ஒன்றை நான் கொடுக்க மாட்டேன், இலவசமாகக் கூட.

பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரோ முகவரியோ இலங்கை விலை ஒட்டிய சீட்டோ இருக்கவில்லை. இதைப் பிறகு காசு விடயத்தில் சொல்கிறேன்.

நிறுத்தாத கிழமைகள்

முதல் கிழமை முகம் பளபளத்தது. அலுவலகத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். அந்தச் சந்தோசத்தைச் சொல்லும்போது இப்போதும் அவர் முகம் கொஞ்சம் மலர்கிறது. இரண்டாம் கிழமை கன்னத்து எலும்புக்கு மேலே அரிப்பு. பிறகு ஊசிமுனை அளவில் சின்னச் சின்னப் பருக்கள், சிவப்பு. வட்ஸ்அப்பில் கடைக்குப் படம் அனுப்பினார். வந்த பதில் அவருடைய தொலைபேசியில் இருக்கிறது: “அது உள்ளுக்கு இருக்கிற அழுக்கு வெளிய வாறது அக்கா. இப்ப நிப்பாட்டினா பலன் கிடைக்காது. ரெண்டு நேரமும் பூசுங்கோ.”

இந்தப் பதில் எத்தனை பேரின் முகத்தைக் கெடுத்திருக்கிறது! ரெட்டினொயிட் போலத் தோலின் சுழற்சியை வேகப்படுத்தும் மருந்து பூசத் தொடங்கும்போது, உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பரு முந்தி வெளியே வருவது உண்டு. இந்தச் சீரத்தில் அப்படி எதுவும் இல்லை. தவிர, அந்த வகைப் பரு, பரு வருகிற இடத்தில் பருவாகவே வரும். அரித்துச் சிவந்து எரிவது வேறு. அது தோல் வேண்டாம் என்று சொல்வது. தொடுகை ஒவ்வாமை உடனே வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் உடம்பு அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் காண நாட்கள் எடுக்கும், கண்ட பிறகும் பூசி ஒன்றிரண்டு நாள் கழித்தே காட்டும். அதனால் கடையில் கையில் பூசிப் பார்ப்பது ஒவ்வாமையைப் பற்றி எதையும் சொல்லாது. முழங்கையின் உட்பக்கத்தில் தினம் இரண்டு தரம், ஒரு கிழமைக்கு மேல் பூசிப் பார்ப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய சோதனை.

அவருக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்தது. மூன்றாம் கிழமையே “இது சரிவராது” என்று மனதுக்குப் பட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. “போத்திலைப் பாக்கேக்க காசுதான் அக்கா தெரிஞ்சது. பாதி கூட முடியேல்லை. எறியவும் மனமில்லை, பூசவும் பயம். பூசினன்.”

மனித மனம் இப்படித்தான் நடக்கும் என்பதற்கு ஆய்வும் உண்டு. ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஒரு பருவத்து நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து நுழைவுச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குக் கழிவு விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள், பருவத்தின் முதற்பாதியில் மற்றவர்களைவிடக் கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசு ஆளை இழுத்துக்கொண்டு வந்தது. நாடகம் பார்த்தால் ஒரு மாலை போகும். முகத்தில் பூசினால் போவது வேறு.

விலையோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. கணவர் கேட்டபோது எட்டாயிரம் என்று சொல்லியிருந்தார். சொன்ன பிறகு, அந்தப் பொருள் வேலை செய்தே ஆக வேண்டியதாகிவிட்டது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கடையில் கொடுத்து மாற்று என்று கணவர் சொல்வார், கடைக்குக் கூடவே வருவார், உண்மை விலை வெளியே வரும். மண்டபத்துக்குக் குறைந்த காசை ஈடுகட்டத் தன் மோதிரம் ஒன்றை அடகு வைத்தார். அதையும் சொல்லவில்லை. கனடாவில் இருந்து வந்து நின்ற அக்காவிடமும் சொல்லவில்லை. அவ கேட்டால் காசு தருவா, ஆனால் எதற்கென்று சொல்ல வேண்டுமே.

இதற்குள் நல்லூரில் கொடியேறிவிட்டது. அக்காவோடு தினமும் கோயில். காலை வெயிலில் வீதியில் நின்றதும், ஒரு நாள் சுவாமிக்குப் பின்னால் சுடுமணலில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்ததும், ஏற்கனவே அழற்சி பிடித்திருந்த முகத்தில். சீரம் பூசினால் சன் கிரீம் தேவையில்லை என்று கடையில் சொல்லியிருந்தார்கள். எங்களைப் போன்ற நிறத்துத் தோலுக்கு எந்த அழற்சி வந்தாலும் ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுப் போவது வழக்கம். வெயில் அதை ஆழப்படுத்தும். சிவந்த இடம் எல்லாம் கறுத்தது. கன்னத்தில் இருந்தது தாடைவரை இறங்கியது.

முகத்துக்குச் செய்தது

எங்கள் கடைக்கு அவர் வந்தது இதற்காக அல்ல. “உந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பூசினது அக்கா, ஒரு சின்ன ரியூப்” என்று பெயரைச் சொல்லிக் கேட்டார். அது வலுக்கூடிய ஸ்டீரொயிட் பூச்சு. முகத்தில் பூசினால் இரண்டு நாளில் சிவப்பு இறங்கி, முகம் வெளுத்து, அற்புதம் நடந்தது போல இருக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, நிறுத்தினால் முன்னையதைவிட மோசமாக எரியும். கடைசியில் அதில்லாமல் இருக்க முடியாது என்ற நிலைக்கு ஆளைக் கொண்டுபோய்விடும். தர மறுத்தேன்.

இப்ப என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டதற்கு சவர்க்காரத்தைச் சொன்னார், பவுடரைச் சொன்னார், சீரத்தைச் சொல்லவில்லை. திரும்பவும் கேட்டேன். “பழைய கிரீம் ஒண்டு” என்றார். கடையில் வேறு ஆட்கள் போன பிறகுதான் கைப்பையைத் திறந்தார். விலையைச் சொல்லும்போது குரல் இறங்கி, கண் நிறைந்துவிட்டது. சின்னப் பிழைக்குப் பிடிபட்ட பிள்ளையைப் போல நின்றார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: இன்று இரவு பூசாமல் விட்டால் போன காசில் ஒரு சதமும் கூடப் போகாது. பூசினால் முகமும் போகும். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

யாழ் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ச் சிகிச்சைக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். காசு கட்டத் தேவையில்லை, காலையில் வரிசையில் இருக்க வேண்டும். தொடுகைத் தோலழற்சி, அதன் மேல் கருமை என்று வைத்தியர் பார்த்தார். எல்லாப் பூச்சையும் நிறுத்தி, அழற்சி அடங்குவதற்குச் சில நாட்களுக்கு மட்டும் மென்மையான மருந்து, வாசனையில்லாத ஈரப்பூச்சு, வெளியே போனால் எஸ்பிஎஃப் 50 சன் கிரீம், குடை. மெலஸ்மாவுக்கான மருந்தை அழற்சி ஆறும்வரை தொடங்கவில்லை. அது சரியான முடிவு. காயப்பட்ட தோலில் வெளுப்பாக்கும் மருந்து போட்டால் இன்னும் கறுக்கக் கூடும்.

“14 நாளில் மங்கு போகும்” என்று கடை அனுப்பிய செய்தியை வைத்தியரிடமும் காட்டியிருக்கிறார். மேல்தோலின் ஒரு கலம் அடியில் பிறந்து மேலே வந்து உதிரவே ஏறக்குறைய நாலு கிழமை எடுக்கும், வயது போகப் போக இன்னும் நீளும். ஆழத்தில் உள்ள கருமையை 14 நாளில் எடுக்கும் பூச்சு எதுவும் இல்லை.

சாமத்திய வீட்டுக்கு முன்பே அரிப்பும் சிவப்பும் போய்விட்டன, கருமை மட்டும் அப்படியே இருந்தது. வைத்தியரிடம் கேட்டு மெல்லிய பவுடரோடு நின்றார். அல்பத்தை எனக்குக் காட்டினார். எல்லாப் படத்திலும் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காசுக்குச் செய்தது

இந்தப் பகுதி பலருக்குத் தெரியாதது, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் எந்த வியாபார நடத்தையையும் தடை செய்கிறது. 13ஆம் பிரிவின்படி எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அதிகார சபை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ வியாபாரிக்கு உத்தரவிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். அவசர இலக்கம் 1977. வெட்கப்பட்டு ஒளித்து வைக்கிறவர்களுக்கு இந்த மூன்று மாதம் சத்தமில்லாமல் ஓடிவிடும். இவருக்கு அதில் பாதி ஓடியிருந்தது.

முறைப்பாடு போடுவதென்றால் வீட்டில் சொல்லியே ஆக வேண்டும். சொன்னார். முதலில் அக்காவிடம், அன்றிரவே கணவரிடம். என்ன சொன்னார் என்று கேட்டேன். “கிரீமைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை அக்கா. மோதிரத்தை ஏன் எனக்குச் சொல்லாமல் வைச்சனீர் எண்டுதான் கேட்டவர். ரெண்டு நாள் அதுக்குத்தான் கோவம்.” பயந்து பயந்து மறைத்த விலை வீட்டில் பெரிய விடயமாகவே இருக்கவில்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். எட்டாயிரம் என்று சொல்லாமல் முதல் நாளே உள்ளதைச் சொல்லியிருந்தால் இரண்டாம் கிழமையே நின்றிருக்கும்.

கையில் இருந்த ஆதாரம் எது? பற்றுச்சீட்டு பலவீனமானது. திகதியும் தொகையும் மட்டும் உதவின. பலமாக நின்றவை வட்ஸ்அப் செய்திகள்: மூன்று பொருளுக்கும் தனித்தனி விலை போட்ட படம், 14 நாள் வாக்குறுதி, நிறுத்த வேண்டாம் என்ற பதில். அதோடு வைத்தியசாலைக் குறிப்பு, இறக்குமதியாளர் விவரம் இல்லாத பெட்டியின் படம். இறக்குமதிப் பொருளில் யார் கொண்டுவந்தது, எந்த நாடு, எவ்வளவு விலை, எப்போது காலாவதி என்று இருக்க வேண்டியது சட்டத் தேவை. அது இல்லாததே கடைக்குத் தலையிடியாகும்.

முதலில் கடைக்கு ஒரு கடிதம் எழுதினோம். கணவர் கூடப் போனார். விற்ற சாமான் திருப்பி எடுக்க மாட்டோம், பாவித்ததை எப்படி எடுப்பது என்றார்கள். பாவித்த போத்தலைப் பற்றி அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. உடைக்காமலே இருந்த இரவு கிரீம், கண் ஜெல் பெட்டிகளைப் பற்றி ஒரு நியாயமும் இல்லை. அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிய முறைப்பாட்டின் பிரதியைக் கடைக்கும் கொடுத்தார்கள். சில நாட்களில் கடையே தொலைபேசி எடுத்தது. இரவு கிரீமுக்கு 11,000, கண் ஜெல்லுக்கு 6,000, ஆக 17,000 ரூபாய் கையில் வந்தது. சீரத்துக்குப் பதிலாக ஒரு வருடத்துக்கு இலவச ஃபேஷியல் தருகிறோம் என்றார்கள். அவர் அதை வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

மிச்ச 25,000க்கும் விசாரணைவரை போயிருக்கலாம். அந்த 14 நாள் செய்தி ஒன்றே போதுமான ஆதாரம் என்பது என் எண்ணம், அவரிடம் சொல்லவும் செய்தேன். பிள்ளையின் பள்ளிக்கூடம், அலுவலகம், இதற்கு மேல் அலைய ஏலாது என்றார். அவருடைய முடிவு அது.

மோதிரம் திரும்பி வந்துவிட்டது. தாடையில் இறங்கிய கருமை மார்கழி மழை முடியும்போது பெரும்பாலும் போய்விட்டது. பழைய மெலஸ்மாவுக்கு அசெலயிக் அமிலம் தொடங்கியிருக்கிறார்கள். மெதுவாகக் குறைகிறது. மாதம் ஒரு தரம் சன் கிரீம் வாங்க வருகிறார், பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்.

என் மேசையில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது. முகம் எரிகிறது என்று வருகிறவரிடம் என்ன பூசினீர்கள் என்பதோடு, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்றும் கேட்கிறேன். விலை கூடின பொருள் என்றால், நிறுத்திவிட்டேன் என்று அவர் சொன்னாலும் இன்னும் பூசிக்கொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு, கடையில் ஆட்கள் குறையும்வரை கதிரையில் இருத்தி வைத்துப் பிறகு கதைக்கிறேன்.